மண்வெட்டி தொடாதவர்

ஜூலை 2, செவ்வாய்

இந்த டைரி என்னுடையது இல்லை. ஆரணி உரக்கடையில் வருஷா வருஷம் இவருக்குக் கொடுப்பது. ஜூன் 27 வரை இவர் எழுத்து இருக்கிறது. 28-ஆம் தேதி விடிந்தபோது எழுத ஆள் இல்லை. மீதிப் பக்கங்கள் வீணாகப் போவானேன் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் சத்துணவு மையத்தில் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பேரை எழுதிவிடுகிறேன். ஏகாம்பரம். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்றுதான் என் மாமியார் சொன்னார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஹவில்தார் ஏகாம்பரம், வயது எழுபத்தாறு. பதினைந்து வருஷம் பட்டாளம், நாற்பத்து மூன்று வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயம். ஊரில் எல்லோரும் 'மேஜர்' என்பார்கள். மேஜருக்கும் ஹவில்தாருக்கும் நடுவில் எத்தனை படி என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தார். ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. அரசாங்கம் கொடுக்காத பிரமோஷனை ஊர் கொடுத்தது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று வரி, அவ்வளவுதான். "வானம் தெளிவு. மோட்டார் 3 மணி நேரம். மனைவி நலம்." எந்தத் தேதியைத் திருப்பினாலும் மனைவி நலம். பெட்டியில் இருந்த பழைய டைரி ஒன்றில் நான் டைபாய்டில் கிடந்த வாரத்தைத் தேடிப் பிடித்தேன். "வானம் மூட்டம். மோட்டார் இல்லை. மனைவி நலம் இல்லை." ஐயோ பாவம் என்று ஒரு சொல் கூட்டிப் போட்டிருந்தால் பேனாவில் மை தீர்ந்திருக்குமா?

ஜூன் 27: "வானம் தெளிவு. கொல்லை உழவு முடிந்தது. மனைவி நலம்." தனக்கு நெஞ்சு வலித்ததா இல்லையா என்பதற்கு அந்த ரிப்போர்ட்டில் இடமில்லை.

ஜூலை 3, புதன்

துக்கம் கேட்க இன்றைக்கு ஏழு பேர். அழுது, மூக்கைத் துடைத்து, காபி குடித்து, எழுந்திருக்கும்போது ஐந்து பேருக்குக் குரல் தாழ்ந்தது. மில்ட்ரி கேன்டீன் கார்டு என் பேருக்கு மாறுமா என்று கேட்டார்கள். அதாவது, மேஜர் போனாலும் ரம் வருமா?

இவர் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. மாதம் ஒருமுறை வேலூர் போய் சோப்பு, டீத்தூள், ஷேவிங் பிளேடு, அடியில் துணி சுற்றி பாட்டில்கள் என்று பை நிறைய வாங்கி வருவார். அந்தப் பாட்டில்கள் எதற்கு என்பது ஊருக்கே தெரியும். குழி வெட்டுவதற்கு.

எங்கள் வீட்டு மில்ட்ரி மண்வெட்டியைத் தொட மாட்டார். ஏர் ஓட்டுவார், களை எடுப்பார், மல்லாட்டை பிடுங்குவார், மூட்டை தூக்குவார், பாம்பு அடிப்பார். குழி என்றால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். தென்னங்கன்று வைக்க, வேலிக்கல் நட, எருக்குழி போட, எதற்கும் கூலியாள் கன்னியப்பன்தான். கூலி தனி, பாட்டில் தனி. தண்ணீர் பாய்ச்சும்போது மடை திருப்ப வேண்டுமே, அதற்கும் மண்வெட்டி கிடையாது. குனிந்து கையால் சேற்றை அள்ளிப் போடுவார், மிச்சத்தைக் காலால் தள்ளி அடைப்பார். வரப்பில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

என் நாத்தனார் மகள் கல்யாணப் பந்தியில் நான்தான் சொன்னேன்: "சண்டைக்குப் போன ஆளுக்கு ஒரு மமுட்டி தூக்கத் தெம்பு இல்ல." இரண்டு வரிசைப் பந்தியும் சிரித்தது. இவரும் சிரித்துக்கொண்டே ரசம் கேட்டார்.

ஜூலை 4, வியாழன்

மோட்டார் ஃபியூஸ் போய்விட்டது. நானே மாற்றினேன்.

புதைத்த இடத்தில் மண் சற்று இறங்கியிருக்கிறது. கன்னியப்பன் வந்து மேடு போட்டுவிட்டுப் போனான். இவருக்கு வெட்டிய குழியும் அவன் வெட்டியதுதான். அன்றைக்கு எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, வியர்வை வழிய வந்து என் பக்கத்தில் நின்றான். எனக்குப் புரிந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தன் குழிக்கும் தானே பாட்டில் வாங்கி வைத்துவிட்டுப் போன ஆள் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். சொந்தக் கொல்லை இருந்தால் கொல்லை மூலையில். கிழக்கு மூலை வேப்பமரத்தடியை நான்தான் காட்டினேன்.

எரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போன தையில் கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னார்: "பச்ச, என்னைப் பொதைக்காதீங்கோ. எரிச்சுடுங்கோ." என் பேர் பச்சையம்மாள். அவருக்குப் பச்ச. "ஏன், குழி வெட்ட கன்னியப்பனுக்கு பாட்டில் குடுக்கணுமேன்னு பாக்குறியா?" என்று கேட்டேன். கட்டுப்போட்ட கண்ணோடு சிரித்தார். நிலத்தில் விதையைத் தவிர வேறு எதையும் புதைக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு சட்டம். கன்று செத்தால்கூட வண்டியில் ஏற்றிப் புறம்போக்குக்குக் கொண்டு போய்விடுவார்.

அவர் செத்த அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

என் கொழுந்தன் துரைக்கண்ணு வந்தான். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவன். பதவி போய் ஒன்பது வருஷம் ஆகியும் மைக் ஆசை போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பு வைக்கிறானாம். பந்தல், ஒலிபெருக்கி, ஆறு பேச்சாளர்.

என் மகன் தணிகாசலம் சென்னையிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான். கொல்லை மூலையில் கிரானைட் சமாதி. மேலே ஒரு துப்பாக்கி, துப்பாக்கி மேல் தொப்பி, இரண்டும் கல்லிலேயே. சுற்றிக் கம்பி வேலி. இரவில் தானாக எரிகிற சோலார் விளக்கு. உயிரோடிருந்தவரைக்கும் கொல்லைக்கு லைட் போட்டுக் கொடு என்று கேட்டார், கொடுக்கவில்லை. இப்போது தலைமாட்டில் போடுகிறான்.

"ஆயுசு முழுக்க ஊர் பேசும்மா" என்றான் போனில். யாருடைய ஆயுசு என்று கேட்டேன். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான்.

ஜூலை 8, திங்கள்

வெயில். விதை மல்லாட்டை உடைக்க ஆள் வரவில்லை. நானே உடைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஜூலை 10, புதன்

விதை உடைத்தேன். உடைக்கும்போது வேண்டாத நினைப்பெல்லாம் வருகிறது.

மூத்தது ஒன்று இருந்தது. பெண். எழுபத்தாறாம் வருஷம் இவர் லீவில் வந்திருந்தபோது பிறந்தது. மூன்று நாள் இருந்தது. பேர்கூட வைக்கவில்லை. கொல்லை மூலையில் வேப்பமரத்தடியில் வையுங்கள், நான் போய் வரப் பக்கமாக இருக்கும் என்று படுக்கையிலிருந்தபடியே சொன்னேன். கொல்லையில் கூடாது என்றுவிட்டார். சரி, எங்கேயாவது நீயாவது குழி வெட்டு, பெற்ற அப்பன் வெட்டுவதுதான் முறை என்று மாமியார் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாராம். கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். துரைக்கண்ணுதான் ஏரிக்கரையில் வெட்டினான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

ஒரு முழக் குழி. மூன்று நாள் பிள்ளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இவருடைய டைரியில் இதெல்லாம் வராது. அன்றைக்கு இவர் எழுதியிருந்தால் வானம் தெளிவு என்று எழுதியிருப்பார்.

ஜூலை 12, வெள்ளி

பந்தல் போட்டாகிவிட்டது. தணிகாசலமும் மருமகளும் வந்துவிட்டார்கள். ஊர் முனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். முகம் மட்டும் இவர் முகம். உடம்பு யாரோ பெரிய அதிகாரியுடையது. தோளில் வாளும் நட்சத்திரமும், மார்பில் இரண்டு வரிசைப் பதக்கம். ஹவில்தாருக்குக் கையில் மூன்று கோடு, அவ்வளவுதான். இவருக்கு மீசையும் கிடையாது. அதையும் ஒட்டி, முறுக்கியும் விட்டிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கே இரண்டு நிமிஷம் ஆயிற்று ஆளை அடையாளம் தெரிய.

"அத்தை, மாமா கம்பீரமா இருக்காரு இல்ல?" என்றாள் மருமகள். இருக்கிறார், ஆனால் இவர் யார் என்றேன்.

ஜூலை 13, சனி

காரியம் முடிந்தது. படம் திறந்தாயிற்று.

ஆறு பேர் பேசினார்கள். முதல் ஆள், மேஜர் எதிரி டாங்கியை ஒற்றை ஆளாக நிறுத்தினார் என்றார். இரண்டாவது ஆள் இவரைக் காஷ்மீர் மலையில் ஏற்றினார். இவர் போனது வங்காளத்துப் பக்கம், எழுபத்தொன்றில். அங்கே மேடுகூடக் கிடையாது, எல்லாம் வயல் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் ஐந்து பேரைச் சுட்டார் என்றார், நான்காவது ஆள் அதைப் பன்னிரண்டு ஆக்கினார். துரைக்கண்ணு பேச்சில் இருபத்தைந்து. இன்னும் இரண்டு பேச்சாளர் கிடைத்திருந்தால் எதிரிப் படையில் ஆளே மிஞ்சியிருக்காது.

விவசாயத்தைப் பற்றி ஒருத்தர் பேசினார். மண்ணை நேசித்தவர், மண்ணோடு மண்ணாக உழைத்தவர் என்று. பந்தலில் கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பேர் ஒச்சப்பன். இவரோடு ஒரே கம்பெனியில் இருந்தவராம். கடுதாசி எப்போதாவது வரும், ஆளை நான் பார்த்ததில்லை. துரைக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. சண்டையை நேரில் பார்த்த சாட்சி! இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டான்.

அவர் மைக்கைப் பிடித்தார். "ஏகாம்பரம் நல்லா குழி வெட்டுவாப்ல" என்றார். "அந்த மாதிரி சதுரமா, சுத்தமா வெட்டுற ஆளை நான் பாத்ததே இல்ல."

யாரோ ஒருத்தன் 'களுக்' என்றான். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது. துக்க வீடு என்பதையும் மறந்து தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். துரைக்கண்ணு மைக்கை வாங்கி, ஐயா தமாஷாகப் பேசுகிறார் என்று சமாளித்தான். ஒச்சப்பன் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நானும் சிரித்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒச்சப்பனை ராத்திரி பஸ்ஸுக்கு விடாமல் எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தேன். காலையில் இட்லி சாப்பிட்டு முடித்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன பித்தளைச் சொம்பை எடுத்தார்.

"சாம்பல் ஒரு பிடி மிச்சம் வச்சிருக்கீகளா தாயி? எங்கூரு ஆத்துல கரைக்கிறேன்னு சொல்லியிருந்தேன். நான் முந்திக்கிட்டா அவரு வரணும், அவரு முந்திக்கிட்டா நான் வரணும். அம்புட்டுத்தான் பேச்சு."

வாங்க அண்ணே என்று கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடி மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார்.

"பொதைச்சிட்டீகளா" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வழக்கம், வகையறா என்று ஏதோ சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். இதைப் பிறகு நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

சண்டை ஓய்ந்த மறுநாள், அதிகாரி ஒருத்தர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, உங்களில் யார் விவசாயக் குடும்பம் என்று கேட்டாராம். காய்கறி பறிக்கவோ பால் கறக்கவோ அனுப்பப் போகிறார்கள், வயிறார ஏதாவது கிடைக்கும் என்று இவரும் ஒச்சப்பனும் முந்திக்கொண்டு கையைத் தூக்கியிருக்கிறார்கள். கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்களாம். நம் பக்கத்துச் சவங்களை எரித்தாயிற்று. எதிரிப் பக்கத்து ஆட்கள் வயல் முழுக்கக் கிடந்தார்கள். அவர்கள் முறைப்படி புதைக்க வேண்டும். ஆறு நாள். கை தூக்கிய எட்டுப் பேர்.

அதில் பாதி, மீசை முளைக்காத பையன்கள். சட்டைப் பையில் அம்மா எழுதிய கடுதாசி, வறுத்த கடலை, சீப்பு. இவர் எண்ணிக்கொண்டே வந்தாராம். நூற்று அறுபதோடு எண்ணாதே என்று ஒச்சப்பன்தான் அதட்டி நிறுத்தியிருக்கிறார்.

அது ஒரு குடியானவனுடைய கொல்லை. கடுகு விதைக்க உழுது போட்டிருந்த கொல்லை. அந்த ஆள் தினமும் விதை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்து நிற்பானாம். அவன் பேசியது இவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் விதை மூட்டையைக் காட்டி, வானத்தைக் காட்டி, குழிகளைக் காட்டிக் கேட்டதில் என்ன புரியாமல் இருக்கிறது? விதைக்கிற பட்டம் தப்பிப் போகிறதே, நான் எங்கே விதைப்பேன் என்று கேட்கிறான். இவர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், அவனுக்கு முதுகைக் காட்டியே வெட்டிக்கொண்டிருப்பாராம்.

"நெலத்துல வெதையத் தவிர எதையும் வைக்கக் கூடாது ஒச்சப்பான்னு அப்பத்தான் சொன்னாப்ல. ஊருக்குப் போனா இனிமே மமுட்டியத் தொட மாட்டேன்னாப்ல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, திரும்பும் வழியில் லாரி அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. அந்தக் கொல்லை மஞ்சளாகப் பூத்துக் கிடந்ததாம். குழி இருந்த இடமே தெரியவில்லை. மேட்டையெல்லாம் அந்த ஆள் நிரவி, அதன் மேலேயே உழுது விதைத்திருக்கிறான். லாரி கொஞ்சம் நின்றபோது இவர் குதித்து இறங்கி, அந்த வரப்பில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். இவன்தான்டா விவசாயி என்றாராம்.

இது போதாதா? ஒச்சப்பன் விடவில்லை. எழுபத்தாறில் லீவு முடிந்து இவர் திரும்பி வந்து மூன்று நாள் சாப்பிடவில்லையாம். என்னடா என்று உலுக்கிக் கேட்டதற்குச் சொன்னாராம்:

"நூத்தி அறுவது பேருக்கு வெட்டுன கையி, எம் புள்ளைக்கு வெட்ட மாட்டேன்னுடுச்சி ஒச்சப்பா."

ஒச்சப்பனை மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சொம்பு காலியாகவே போயிற்று.

ஜூலை 15, திங்கள்

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நான்காம் தேதிப் பக்கத்தில் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். துரைக்கண்ணு கேட்டான். "அண்ணன் எதுனா சொல்லி வச்சாரா அண்ணி?" என்று பாடை கட்டும் முன்னால் என் காதோரம் வந்து கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். வேப்பமரத்தடியைக் கை நீட்டிக் காட்டினேன். பிள்ளைக்கு நான் கேட்ட இடம். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து அந்த இடத்தில் என் பேச்சு நடந்தது. அன்றைக்கு என் மனசுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. அதையும் எழுதிவிட்டேன். பதிவேட்டில் பொய் எழுதினால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்று சமையல்கார அம்மாவுக்கு எத்தனை தடவை உபதேசம் செய்திருப்பேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மனுஷன். ரசம் கேட்கத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியாதா? சொல்லியிருந்தால் நான் அப்படிப் பேசியிருப்பேனா? பேசியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அது தெரிந்துதான் சொல்லவில்லையோ என்னவோ.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. மழை இல்லை. கல் தச்சர் வந்து கொல்லை மூலையை அளந்துவிட்டுப் போனார். அஸ்திவாரத்துக்கு நான்கு பக்கமும் இரண்டடிக் குழி எடுக்க வேண்டுமாம்.

ஜூலை 20, சனி

தணிகாசலத்தையும் துரைக்கண்ணுவையும் உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க நைனா எரிக்கச் சொன்னாரு. நான்தான் மறைச்சேன்."

ஒச்சப்பன் சொன்னதை முழுசும் சொன்னேன். பிள்ளைக்குக் குழி வெட்டிய கதைக்கு வந்தபோது துரைக்கண்ணு எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கும் இத்தனை வருஷம் அண்ணன்மேல் ஒரு வருத்தம் இருந்திருக்கும்போல. பதினெட்டு வயசில் அதை வெட்டியது அவன் கைதானே.

தணிகாசலம்தான், இப்போது எடுத்து எரித்துவிடலாமா என்று கேட்டான். அதையும் இரண்டு நாள் யோசித்துத்தான் இருந்தேன். தாலுகா ஆபீஸ், போலீஸ் என்று அனுமதி வாங்க வேண்டும் என்றான் துரைக்கண்ணு, வாசலில் நின்றபடியே. அனுமதி கிடந்துவிட்டுப் போகிறது. அவருக்காக இன்னொரு முறை அந்த இடத்தில் மண்வெட்டி விழ நான் விட மாட்டேன் என்றேன்.

சமாதியும் வேண்டாம், அஸ்திவாரமும் வேண்டாம். கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்றான் மகன். அந்தத் துப்பாக்கியை உன் ஃப்ளாட் வாசலில் வைத்துக்கொள், திருடன் வராமல் இருப்பான் என்றேன். "அப்புறம் அங்க இன்னாதான்மா பண்றது?" என்று கேட்டான்.

மல்லாட்டை போடப் போகிறேன் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

நேற்று மாலை நல்ல மழை. ஒரு உழவுக்குப் பதம்.

ஜூலை 24, புதன்

டிராக்டர்காரன் மற்ற இடமெல்லாம் ஓட்டினான். வேப்பமரத்தடிக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். என்னால் ஆகாது, மேஜர் மேல் வண்டி ஓட்டினால் பாவம் வந்து சேரும் என்றான். போன மாதம்வரை மேஜரிடம் வாங்கிக் குடித்த பாட்டில்களுக்கு எந்தப் பாவமும் இல்லைபோல.

கன்னியப்பனிடம் ஒரு ஜோடி மாடு இருக்கிறது. ஏரோடு வந்தான். அவனும் யோசித்தான். பிறகு, "நான்தானே வெட்டனேன், நானே ஓட்டறேன்" என்றான். மேட்டை முதலில் நிரவ வேண்டும். தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கினான். அதை வரப்பில் வைத்துவிடச் சொன்னேன்.

குனிந்து கையால் அள்ளினேன். முதுகு பிடித்துக்கொண்டதும், மடை அடைப்பது போலக் காலால் தள்ளினேன். ஈர மண், சுலபமாகத்தான் போயிற்று. கன்னியப்பனும் அந்தப் பக்கமிருந்து காலால் தள்ளினான். வரப்பில் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்தக் குடும்பத்தைப் பார்க்க அந்த வரப்பில் எப்போதும் ஆள் இருக்கும்.

ஏர் முன்னால் போக, பின்னாலேயே நான் விதை போட்டுக்கொண்டு போனேன். அங்கே போட்டபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒன்றரை ஜாண் இடைவெளி தவறக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. அப்படியும் ஒரு சால் கோணிவிட்டது. திரும்பும்போதுதான் அழுகை வந்தது. ஏரைப் பிடித்தபடி கன்னியப்பன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டிரங்குப் பெட்டியில் கடைசியாக ஒரு பாட்டில் இருந்தது. இதற்கு வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்துத்தான் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

விதை இரண்டு பிடி மிச்சம். அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

புருஷன் மேல் ஏர் ஓட்டியவள் என்று பேர் வந்துவிட்டதாம். மருமகள் போனில் சொல்லி வருத்தப்பட்டாள். பரவாயில்லை, ஹவில்தாரை மேஜர் என்ற ஊர்தானே.

பக்கத்து ஊர் உரக்கடைச் சந்தில் ஒருத்தன், மேஜர் சாகும்போதே மல்லாட்டை போடச் சொல்லிவிட்டுத்தான் செத்தார், எப்பேர்ப்பட்ட விவசாயி என்று உருகிக்கொண்டிருந்தானாம். கதை அடுத்த டாங்கிக்குக் கிளம்பிவிட்டது.

ஒச்சப்பனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். சாம்பல் இல்லை, ஐப்பசியில் வாங்க அண்ணே, சொம்பு நிறைய மல்லாட்டை தருகிறேன் என்று.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. துரைக்கண்ணு அவனாகவே வந்து காவலுக்குப் பன்றி விரட்டும் தகர டப்பா கட்டிக் கொடுத்தான். போகும்போது வேப்பமரத்தடியில் குனிந்து முளையை எண்ணிவிட்டுப் போனான்.

ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். முழுக் கொல்லையும் தலைகாட்டிவிட்டது. எந்த இடம் என்று வேப்பமரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கோணிய சால் மட்டும் கோணலாகவே முளைத்திருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் அதற்கு ஒரு நாள் முழுக்க முணுமுணுத்திருப்பார்.

வானம் தெளிவு. மோட்டார் 2 மணி நேரம். கணவர் நலம்.